சொறி எங்கே போகிறது? கடலோரப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரிய நண்பர்களுக்கு,

பழவேற்காடு தொடங்கிக் கன்னியாகுமரிவரை கடலோரப் பள்ளிகளில் அறிவியல் எடுக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நானும் உங்களில் ஒருவனாக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோரு ஆண்டு விலங்கியல் நடத்தினேன். அதில் பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில்தான் கழிந்தது. 'விலங்குலகம்' பாடத்தில் குழியுடலிகள் என்று ஒரு சிறு பகுதி வருமே, அதைப் பற்றித்தான் இந்த மடல். சொறி, பவளம், கடல் சாமந்தி, ஹைட்ரா எல்லாம் அடங்கிய தொகுதி. நாம் அதை அரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறோம். நானும் பல ஆண்டு அப்படித்தான் கடந்தேன். அதில் எனக்கு இன்றுவரை ஆறாத ஒரு வருத்தம் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் கடைசி வரிசையில் இருப்பான். விடியற்காலையில் அப்பாவோடு கரைவலை இழுத்துவிட்டு, தலையில் உப்புக் காயாமல் பள்ளிக்கு வருவான். ஒருநாள் அவனை எழுப்பி, "குழியுடலிகளின் பொதுப்பண்புகள் நான்கு சொல்லு" என்றேன். எழுந்து நின்றான், பேசவில்லை. வலது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, விளாறால் அடித்ததுபோல் நான்கைந்து சிவந்த கோடுகள் தடித்து நின்றன. "என்னடா இது?" என்று கேட்டேன். "சொறி பட்டிருச்சு சார்" என்றான். "சரி, மருந்து போடு, உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த மாணவியை எழுப்பினேன். அவள் ஈரடுக்கு, ஆரச்சமச்சீர், கொட்டும் செல்கள், தலைமுறை மாற்றம் என்று நான்கையும் மளமளவென்று ஒப்பித்தாள். அவளைப் பாராட்டினேன்.

அந்த வகுப்பில் கொட்டும் செல்களைப் பற்றி எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவன் அவன்தான். அது அவன் தோலிலேயே எழுதப்பட்டிருந்தது. நான் கரும்பலகையில் ஹைட்ராவுக்குப் பாகம் குறித்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்ததும் வாசலில் வந்து ஒரு கேள்வி கேட்டான். "சார், சீசன் முடிஞ்சதும் சொறி எல்லாம் எங்க சார் போகுது? செத்துருதா, ஆழத்துக்குப் போயிருதா?" நான், "செத்துப்போகும்" என்றேன். அது பாதி விடை. மீதிப் பாதியை நான் தெரிந்துகொண்டபோது அவன் பள்ளியை விட்டுப் போய் எட்டு வருடம் ஆகியிருந்தது.

முதலில் பெயரிலிருந்து தொடங்குகிறேன். பாடநூலில் ஜெல்லி மீன் என்று இருக்கிறது. அது மீன் இல்லை. முதுகெலும்பு கிடையாது, செவுள் கிடையாது, உடலில் 95 விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். நம் கடற்கரை மக்கள் அதற்கு வைத்த பெயர் சொறி, சொறிமுட்டை. தொட்டால் தினவெடுத்துத் தடிக்கும் என்பதால் அந்தப் பெயர். வேலியோரம் படரும் காஞ்சொறிக்கும் அதே காரணத்தால்தான் அந்தப் பெயர் வந்தது. இந்தத் தொகுதிக்கு அறிவியல் வைத்த பெயர் நிடேரியா. கிரேக்க மொழியில் 'நிடே' என்றால் காஞ்சொறி வகைச் செடி, தொட்டால் அரிக்கும் செடி. கிரேக்கத்துக் கடற்கரையில் ஒருவனுக்குத் தோன்றியதும் நம் கடற்கரையில் ஒருவனுக்குத் தோன்றியதும் ஒன்றுதான். ஆகவே கரும்பலகையில் 'நிடேரியா' என்று எழுதும்போது பக்கத்திலேயே 'சொறி' என்றும் எழுதுங்கள். அது கொச்சைச் சொல் என்று எந்தப் பிள்ளையும் கூச வேண்டியதில்லை.

அந்தப் பையனின் கையில் நடந்தது என்ன? இதை நிதானமாகச் சொல்லித்தர வேண்டும், ஏனென்றால் இந்தத் தொகுதியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. சொறியின் இழைகளில் ஆயிரமாயிரம் கொட்டும் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குப்பி. குப்பிக்குள் ஒரு நுண்குழல், சட்டைக் கையை உள்ளே மடித்துத் திணித்ததுபோல் சுருண்டு கிடக்கிறது. வெளியே ஒரு சிறு உணர்முள். அதில் ஏதாவது பட்டதும் குப்பியின் மூடி திறக்கிறது, உள்ளே மடிந்திருந்த குழல் வெளிப்பக்கமாகப் புரண்டு பாய்ந்து தோலைத் துளைக்கிறது, நஞ்சு இறங்குகிறது. குப்பிக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 150 வளிமண்டலம். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றை நினைத்துப் பாருங்கள், அது இரண்டு, இரண்டரைதான். 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதிவேகக் கேமரா வைத்து இந்தப் பாய்ச்சலைப் படம் பிடித்தார்கள். ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுகூட ஆகவில்லை, 700 நானோ விநாடியில் எல்லாம் முடிந்துவிட்டது. முடுக்கம் புவியீர்ப்பைப் போல 50 லட்சம் மடங்குக்கு மேல். உயிருலகில் இதுவரை அளந்த அசைவுகளில் மிக வேகமானவற்றில் இதுவும் ஒன்று.

அந்த ஆய்வை அவர்கள் எதில் செய்தார்கள் தெரியுமா? நாம் கரும்பலகையில் வரையும் அதே ஹைட்ராவில்தான். படத்தில் 'கொட்டும் செல்' என்று கோடு இழுத்து எழுதுகிறோமே, அந்தக் கோட்டின் முனையில் இவ்வளவும் இருக்கிறது.

ஒரு குப்பி ஒரே ஒரு முறைதான் வெடிக்கும். பிறகு அந்தச் செல் கழிந்து புதிய செல் வரும். வெடிக்க வேண்டும் என்று எந்த மூளையும் கட்டளையிட வேண்டியதில்லை. அதனால்தான் கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறியும் கொட்டும். அறுந்த இழை வலையில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் கொட்டும். இவ்வளவையும் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டால் முதலுதவியைத் தனியாக மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டியதில்லை. வெடிக்காத குப்பிகள் இன்னும் தோலில் ஒட்டியிருக்கின்றன என்று தெரிந்தவன், மணலைப் போட்டுத் தேய்க்க மாட்டான். நன்னீர் பட்டால் உப்பின் சமநிலை குலைந்து மிச்சக் குப்பிகளும் வெடிக்கும் என்று தெரிந்தவன், குடத்துத் தண்ணீரை ஊற்ற மாட்டான். கடல்நீரால் கழுவ வேண்டும். ஒட்டிய இழையை இடுக்கியாலோ கையுறை போட்டோ எடுக்க வேண்டும். அதன் பிறகு 45 டிகிரிக்கு மேல் போகாத, தாங்கக்கூடிய வெந்நீரில் இருபது நிமிடமாவது வைத்தால் பலருக்கு வலி தணிகிறது. காடி பெட்டிச் சொறிக்குப் பலன் தரும், வேறு சிலவற்றுக்குக் கெடுதல் செய்யும். எது கடித்தது என்று தெரியாதபோது அதை ஊற்றாதீர்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வாந்தியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நீலப் பலூன்போல் மிதந்து வரும் ஃபிசாலியாவை அழகாக இருக்கிறது என்று சிறு பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். அது ஒரே விலங்கும் இல்லை, மிதப்பதற்கு, கொட்டுவதற்கு, செரிப்பதற்கு, இனம் பெருக்குவதற்கு என்று வேலை பிரித்துக்கொண்ட பல உயிர்கள் ஒட்டி வாழும் கூட்டம். அதன் இழைகள் பல மீட்டர் நீளும்.

இவ்வளவையும் அன்று நான் சொல்லியிருக்கலாம். அந்தக் கையைப் பிடித்து வகுப்புக்குக் காட்டியே சொல்லியிருக்கலாம்.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நாம் கடலில் பார்க்கும் குடை வடிவச் சொறி, அந்த உயிரின் வாழ்க்கையில் பாதிதான். ஆண் குடையும் பெண் குடையும் இனம் பெருக்கிய பிறகு, கருவிலிருந்து பிளானுலா என்ற நுண்ணிய லார்வா வருகிறது. அது நீந்திப்போய்ப் பாறை, சங்கு, தூண், கான்கிரீட் என்று கெட்டியான ஏதாவது ஒன்றின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் பாலிப்பாக மாறும். சில மில்லிமீட்டர் உயரம், வாய் மேலே, வாயைச் சுற்றி இழைகள், பார்த்தால் ஹைட்ராவின் தம்பி போலவே இருக்கும். மிதக்கும் குடைகள் எல்லாம் செத்த பிறகும் இந்தப் பாலிப் உயிரோடு இருக்கும். மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மொட்டு விட்டுத் தன்னைப்போல் இன்னும் பலவற்றை உண்டாக்கிக்கொண்டு அங்கேயே இருக்கும். நீரின் வெப்பமோ உப்புத்தன்மையோ மாறும் பருவம் வந்ததும் அதன் உடலில் குறுக்கே வரி வரியாகப் பள்ளம் விழும். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் ஆகிவிடும். பிறகு மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று, எட்டுக் கை உள்ள நட்சத்திரமாகத் துடித்துக்கொண்டு நீந்திப் போகும். அந்தக் குட்டி நட்சத்திரம்தான் வளர்ந்து குடை ஆகிறது. ஒரு பாலிப்பிலிருந்து பல குடைகள் கிளம்புகின்றன. ஆகவேதான் நேற்றுவரை ஒன்றுமில்லாத கடலில் ஒரு வாரத்தில் வலை கொள்ளாத சொறி.

சொறி எங்கும் போகவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத உருவத்தில் அடியிலேயே இருந்தது. பாடநூல் இதைத் 'தலைமுறை மாற்றம்' என்ற சொல்லால் சொல்கிறது. நானும் அந்தச் சொல்லை முப்பது வருடம் எழுதிப்போட்டேன். ஆனால் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. (பெலாஜியா போன்ற சில வகைகளுக்குப் பாலிப் நிலையே கிடையாது, அவை நடுக்கடலிலேயே குடையிலிருந்து குடையாக வாழ்கின்றன. கேட்கும் பிள்ளை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.)

கடலுக்குள் இருக்கும் இந்தப் பாலிப்புகளைத் தேடிக் கண்டுபிடிப்பது ஆராய்ச்சியாளர்களுக்கே அரிது. அவ்வளவு சிறியவை. படகுத் துறை, அலைத்தடுப்பு, தூண் என்று கடலில் நாம் கட்டும் ஒவ்வொன்றும் அவை ஒட்டிக்கொள்ள இடம் தருகிறது என்றும், சில கடல்களில் சொறிப் பெருக்கத்துக்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சொறி கூட்டமாக வந்தால் வலை கிழியும் என்பது மீனவப் பிள்ளைகளுக்குத் தெரியும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் குளிர்விக்கக் கடல்நீர் உறிஞ்சும் வாயிலிலும் அது வந்து அடைத்துச் சிக்கல் தந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அதே சொறியை உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்திக் கிழக்காசிய நாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் தொழிலும் நம் கரையில் நடந்திருக்கிறது. முதிர்ந்த குடை மறுபடியும் பாலிப்பாகச் சுருங்கிவிடும் டூரிடாப்சிஸ் பற்றிப் பிள்ளைகள் காணொளியில் பார்த்துவிட்டு வந்து, "சார், அதுக்குச் சாவே இல்லையாமே?" என்பார்கள். முதுமையிலிருந்து திரும்பும் வழி அதற்கு உண்டு, ஆனால் மீன் தின்றால் அதுவும் செத்துத்தான் போகும் என்று சொல்லுங்கள்.

ஹைட்ராவை விட்டுவிடச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதன் கதையை ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1740இல் ஆபிரகாம் டிரம்ப்ளே என்பவர் நெதர்லாந்தில் ஹேக் நகருக்கு அருகே ஒரு செல்வர் வீட்டில் இரண்டு சிறுவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியராக இருந்தார். வாய்க்கால் நீரைக் கண்ணாடிச் சாடியில் எடுத்து வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பாசியில் ஒட்டியிருந்த பச்சை நிறப் பொருள் ஒன்று கண்ணில் பட்டது. செடியா, விலங்கா என்று தெரியவில்லை. செடியானால் வெட்டினால் முளைக்கும், விலங்கானால் செத்துவிடும் என்று எண்ணி இரண்டாக வெட்டினார். இரண்டு துண்டும் முழு உயிராக வளர்ந்தன. ஆனால் அது நடந்தது, இரை பிடித்துத் தின்றது. விலங்குதான் என்று முடிவானது. உயிர் என்றால் என்ன என்று ஐரோப்பிய அறிஞர்கள் எல்லோரையும் மறுபடி யோசிக்க வைத்த பரிசோதனை அது. இரண்டு மாணவர்களோடு ஒரு சாடி நீரை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் செய்தது. நம் ஊர் ஊருணியிலும் குளத்திலும் நீர்ச்செடியின் வேரோடு ஒரு சாடி நீர் எடுத்து, ஒரு நாள் அசையாமல் வைத்து, கைலென்ஸால் கண்ணாடியின் ஓரத்தைப் பாருங்கள். எனக்கு ஆறாவது முறைதான் கிடைத்தது. அன்று வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரும் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

டிரம்ப்ளேயின் ஹைட்ராவால் இன்னொருவருக்கும் நியாயம் கிடைத்தது. பவளம் கடலில் பூக்கும் செடி என்றுதான் அன்று எல்லோரும் நம்பினார்கள். மார்செய் நகரத்து மருத்துவர் பெய்சொனல், அந்தப் 'பூக்கள்' தொட்டால் சுருங்குவதைக் கண்டு, அவை விலங்குகள் என்று 1720களிலேயே எழுதினார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் பெரிய மனிதராக இருந்த ரியோமர் அதை நம்பவில்லை. டிரம்ப்ளேயின் சோதனையைக் கண்ட பிறகுதான் அவரும் ஒப்புக்கொண்டார்.

பவளம் என்ற சொல்லிலேயே நம் பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. அம்மாவின் கழுத்தில் இருக்கும் சிவப்புப் பவளம் நம் கடலில் எடுத்ததில்லை. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் ஆழத்தில் வளரும் வேறு வகை, அதன் பாலிப்புக்கு எட்டு இழை. மன்னார் வளைகுடாவில் பார் கட்டும் பவளம் வேறு. அதன் எலும்புக்கூடு வெள்ளைச் சுண்ணாம்பு, அதன் இழைகளும் தகடுகளும் ஆறின் மடங்கில் இருக்கும். இலங்கைத் தமிழர் இதை முருகைக்கல் என்கிறார்கள். அந்தச் சொல்லில் இந்தக் குழப்பமே இல்லை.

இதைப் பார்க்கக் கடலுக்குள் இறங்க வேண்டியதும் இல்லை. மண்டபம், இராமேசுவரம் பக்கத்தில் பழைய வீட்டுச் சுவர், மதில், கிணற்றுக் கட்டு ஏதாவது ஒன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர்ப் புயலுக்குத் தப்பி நிற்கும் தேவாலயத்தின் சுவரே போதும். காரை உதிர்ந்த இடத்தில் கையை வைத்துத் தடவச் சொல்லுங்கள். சொரசொரவென்று இருக்கும். கைலென்ஸை வைத்தால் கல் முழுவதும் குழிகள். சில கல்லில் குண்டூசித் தலை அளவு, சிலவற்றில் பத்துப் பைசா நாணய அளவு, சிலவற்றில் மூளை மடிப்புப்போல் வளைந்து போகும் வாய்க்கால். ஒவ்வொரு குழிக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள், சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி. எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழியும் ஒரு பாலிப் குடியிருந்த வீடு. கடல்நீரில் கரைந்திருந்த கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தன் அடியில் தானே கட்டிக்கொண்ட வீடு.

அங்கேயே ஒரு கணக்கும் போடலாம். பாறைபோல் உருண்டு வளரும் பொரைட்டிஸ் வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கிளைவிடும் வகைகள் விரைவாக வளரும், ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர்கூட. சுவரில் இருக்கும் உருண்டைக் கல் ஒரு முழம் இருந்தால் அது எத்தனை வருட வளர்ச்சி? ஒரு சுவரில் எத்தனை கல்? நான் அழைத்துப்போன வகுப்பில் ஒரு மாணவி கணக்கை முடித்துவிட்டுச் சிறிது நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "எங்க தாத்தா கல்லு வெட்டப் போனவர் சார்" என்றாள். அவரைக் குற்றம் சொல்ல வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் ஆலைகளுக்கு அனுப்பவும் கல் கேட்டது ஊரும் நாடும்தான். கல்லை வெட்டியவர்களுக்குக் கூலி மட்டுமே கிடைத்தது. 2001இல் பவளங்கள் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் அதற்குள் நீரில் மூழ்கிவிட்டன. சுற்றியிருந்த பாரை வெட்டியெடுத்ததால் அலைக்குத் தடுப்பு இல்லாமல் போனது அதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுத்து ஆய்வகத்தில் வைக்காதீர்கள், அதுவும் சட்டப்படி குற்றம். நமக்குச் சுவர் போதும்.

வீடு கட்டும் வலு இத்துனூண்டு பாலிப்புக்கு எங்கிருந்து வருகிறது? அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. விரல் நகம் அளவு பரப்பில் பத்து லட்சம் இருக்கும். பாலிப் அவற்றுக்கு இடமும், தன் மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடும், கழிவில் உள்ள தழைச்சத்தும் கொடுக்கிறது. பாசி வெயிலில் உணவு சமைத்துப் பாலிப்புக்குத் தருகிறது. பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் 90 விழுக்காடுவரை இப்படி வருகிறது. இரவில் பாலிப் இழைகளை விரித்து, கொட்டும் செல்லால் மிதவை உயிரிகளைப் பிடித்து மீதியை ஈடுகட்டும். பவளத்தில் நாம் பார்க்கும் பழுப்பும் பச்சையும் பெரும்பாலும் பாசியின் நிறம். கடல் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நின்றுவிட்டால் இந்த உறவு முறிகிறது. சூட்டில் தடுமாறும் பாசி கேடான ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்குகிறது. பாலிப் அதைத் தாங்காமல் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடி போன்ற சதை வழியே உள்ளே இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிகிறது. இதுதான் வெளிறல். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடுமையாக நடந்தது.

இந்த இடத்தில் ஒரு திருத்தம் வேண்டும். வெளிறிய பவளம் செத்த பவளம் என்று பல வகுப்பில் சொல்கிறார்கள். அது தவறு. வெளிறிய பவளம் பட்டினி கிடக்கிறது, அவ்வளவுதான். சில வாரத்தில் நீர் குளிர்ந்தால் பாசி மறுபடி பெருகும், நிறம் திரும்பும், பிழைத்துவிடும். குளிராவிட்டால் சாகும், அதன்மேல் இழைப்பாசி படியும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அறிய வேண்டும். செத்துவிட்டது என்று கேட்டு வளரும் பிள்ளை கைவிட்டுவிடும், பட்டினி கிடக்கிறது என்று கேட்டு வளரும் பிள்ளை வேறுவிதமாக யோசிக்கும்.

இராமநாதபுரத்து ஆசிரியர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தார் 1920களிலேயே குருசடைத் தீவின் கரையோர உயிர்களை ஆராய்ந்து 1927இல் நூலாக வெளியிட்டார்கள். உலகப் பவள ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் பன்னாட்டு மாநாட்டு வரிசையில் முதலாவதாக எண்ணப்படுவது, 1969 ஜனவரியில் மண்டபம் முகாமில் நடந்த கருத்தரங்கு. மண்டபத்துப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தந்ததாக நான் கேட்டதில்லை.

கடல் சாமந்தியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கோமாளி மீன் அதற்குள் வாழும் கதையைப் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் சொல்லுங்கள். பிரான்சில் ரிச்சே, போர்ட்டியே இருவரும் 1902இல் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு கொடுத்தார்கள். சில வாரம் கழித்து மறுபடி மிகச் சிறிதளவு கொடுத்தபோது, எதிர்ப்பு கூடியிருக்கும் என்று எதிர்பார்த்ததற்கு மாறாக, நாய் நிமிடங்களில் இறந்தது. உடலின் பாதுகாப்பே உயிரை எடுக்கும் அந்த நிலைக்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். ரிச்சேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. ஊசி போடும் முன் "உங்களுக்கு ஏதும் ஒவ்வாமை உண்டா?" என்று மருத்துவமனையில் கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கடல் சாமந்தி இருக்கிறது.

சொறிக்குப் பின்னாலும் ஒரு நோபல் இருக்கிறது. ஜப்பானியரான ஒசாமு ஷிமோமுரா 1961 கோடையில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒளிரும் ஈக்குவோரியா சொறியிலிருந்து ஒளி தரும் பொருளைப் பிரிக்கப் போராடிக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து மிஞ்சிய சாற்றைத் தொட்டியில் கொட்டினார். தொட்டி பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் அதில் ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீரில் உள்ள கால்சியம்தான் விளக்கைப் பற்றவைக்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. பின்னால் பல கோடைகளில் மனைவி, மகன், மகள் எல்லோரும் கையில் வலையோடு துறையில் நின்று சொறி அள்ளினார்கள். அதே சொறியில் கிடைத்த பச்சை ஒளிர் புரதம்தான் இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் செல்லுக்குள் நடப்பதை அடையாளம் காட்டும் விளக்கு. 2008இல் அவருக்கும் சால்ஃபி, ட்சியன் இருவருக்கும் அதற்காக நோபல் கிடைத்தது. வலையோடு துறையில் நின்று சொறி அள்ளுவது நம் மாணவர்களுக்குப் புதிய வேலையா?

மூளை இல்லாதது கற்காது என்று நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கரீபியக் கடலின் அலையாத்தி வேர்களுக்கு இடையே வாழும் ட்ரைபெடாலியா என்ற விரல்நுனி அளவுப் பெட்டிச் சொறிக்கு மூளை இல்லை, 24 கண்கள் இருக்கின்றன. தொட்டிச் சுவரில் வேர்போல் வரைந்த மங்கலான கோடுகளில் சிலமுறை இடித்துக்கொண்ட பிறகு, சில நிமிடங்களிலேயே அது இடிக்காமல் விலகி நீந்தக் கற்றுக்கொண்டதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. நான் சொன்னது தவறு. அதைக் கேட்டுக்கொண்ட மாணவர்கள் எங்கிருந்தாலும் இதைப் படிக்கட்டும்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வு இருக்கிறது, தேர்ச்சி விழுக்காடு கேட்பார்கள். நான் கூடுதலாக எதையும் நடத்தச் சொல்லவில்லை. ஈரடுக்கு, ஆரச்சமச்சீர், கொட்டும் செல், தலைமுறை மாற்றம் என்ற அதே நான்கும்தான். ஹைட்ரா படத்திலிருந்து தொடங்காமல், முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கையிலிருந்தும் அவன் வீட்டுச் சுவரிலிருந்தும் தொடங்குங்கள் என்று கேட்கிறேன். கடலில் எந்தக் காற்றுக்கு எந்தச் சொறி வரும், எது கடிக்கும், எது கடிக்காது என்று அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வதை ஒரு தாளில் எழுதிவரச் சொல்லுங்கள். அந்தத் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி போட்டு ஆண்டுதோறும் சேர்த்து வையுங்கள். பத்து ஆண்டு சேர்ந்தால் அது எந்த ஆய்வகத்திலும் இல்லாத பதிவு.

அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும் முன், சாக்பீஸைக் கையில் எடுக்காமல், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்கள்ல யாருக்கெல்லாம் சொறி பட்டிருக்கு?" கை தூக்குகிறவர்களை முன்வரிசைக்கு அழைத்து உட்கார வையுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்